எங்கள் வேலையைத் துண்டாடாதீர்கள்: பல்கலைக்கழக நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய துணைவேந்தர் அவர்களுக்கும், பதிவாளர் அவர்களுக்கும், மனிதவளப் பிரிவினருக்கும், ஆட்சி மன்ற உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். நம் பல்கலைக்கழகத்தின் மாணவர் சேவைப் பிரிவில் எனக்கு இது 19ஆவது வருடம். இதே விஷயத்தை மலாயில் எழுதிப் போன வாரமே அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். தமிழிலும் எழுதக் காரணம் உண்டு. ஆட்சி மன்றத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். நம் கவுண்டருக்கு வருகிற பெற்றோர்களில் பலர் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். காலையில் என்னோடு வேனில் வருகிற துப்புரவு வேலைப் பெண்களும் இதைப் படிக்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் பெயரை நான் எங்கும் எழுதவில்லை. யாரையும் சந்தியில் நிறுத்துவதற்காக இந்த மடலை எழுதவில்லை.

மார்ச் மாதம் பெரிய மண்டபத்தில் எங்களுக்கு அரை நாள் பட்டறை நடத்தினீர்கள். கோலாலம்பூரிலிருந்து வந்த அந்த அம்மா மனதாரப் பேசினார். கண்ணை மூடி, மூச்சை இழுத்து விடச் சொன்னார். ஆளுக்கு ஒரு மெத்தென்ற பந்து கொடுத்து, கோபம் வரும்போது பிசையச் சொன்னார். கடைசியில் ஒரு சின்னத் தாளைக் கொடுத்து, "நெஞ்சில் கனமாக இருப்பதை ஒரே வரியில் எழுதிப் பெட்டியில் போடுங்கள், பெயர் வேண்டாம்" என்றார். நானும் எழுதிப் போட்டேன். பன்னிரண்டரைக்கு இடத்துக்குத் திரும்பினால் திரையில் 63 டிக்கெட்டுகள், அதாவது மாணவர்களின் கோரிக்கைகள், நேரம் தாண்டிச் சிவப்பாக நின்றன. நாங்கள் மண்டபத்தில் இருந்த நேரத்துக்கு யாரும் கடிகாரத்தை நிறுத்தி வைக்கவில்லை.

அந்தப் பெட்டியை யாராவது திறந்து படித்தீர்களா என்று தெரியாது. நான் எழுதியது இதுதான்: "ஒரு பிள்ளையின் பிரச்சினையையாவது நானே தொடங்கி நானே முடிக்க வேண்டும்." ஒரு வரியில் அடங்காததை இங்கே விரித்து எழுதுகிறேன்.

நான் வேலையில் சேர்ந்தபோது எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு துறையைக் கொடுத்திருந்தார்கள். எனக்குப் பொறியியல், ஏறக்குறைய 400 பிள்ளைகள். சேர்க்கைக் கடிதத்திலிருந்து பட்டமளிப்பு விழாவின் அங்கி வரைக்கும் அவர்களுடைய காகிதம் எல்லாம் என் மேசை வழியாகத்தான் போகும். யாருக்குப் பி.டி.பி.டி.என். என்ற அரசாங்கக் கல்விக் கடன் தாமதம், யாருக்கு விடுதி அறை மாற வேண்டும், யாருடைய அப்பா பருவத்தின் நடுவில் தவறிப்போனார், எல்லாம் எனக்குத் தெரியும். வேலை குறைவாக இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். சேர்க்கை மாதத்தில் வீடு திரும்ப இரவு எட்டு மணி ஆகும். ஆனால் அது குளித்துச் சாப்பிட்டுப் படுத்தால் போய்விடுகிற களைப்பு.

2021-இல் 'ஒரே கவுண்டர், ஒரே சிஸ்டம்' வந்தது. அப்போது நீங்கள் சொன்ன காரணத்தில் உண்மை இருந்தது. நான் எம்.சி. (மருத்துவ விடுப்பு) எடுத்தால் என் பிள்ளைகளின் வேலை அப்படியே நின்றுவிடும். கோவிட் நேரத்தில் கோப்பு ஒருவர் வீட்டிலும் ஆள் இன்னொரு வீட்டிலும் இருந்து நாங்கள் பட்ட பாட்டை மறக்கவில்லை. ஆகவே வேலையை மூன்று அடுக்காகப் பிரித்தீர்கள். முதல் அடுக்கு கேட்டுப் பதிவு செய்து, வகை போட்டு, மேலே தள்ளும். இரண்டாவது அடுக்கு ஆவணத்தைச் சரிபார்க்கும். மூன்றாவது அடுக்கு முடிவு எடுக்கும். நான் முதல் அடுக்கு. ஒரு டிக்கெட்டுக்கு ஆறு நிமிடம். மேலே அனுப்பிவிட்டால் என் கணக்கில் அது 'முடிந்தது'. அதற்கு மேல் அது எங்கே போகிறது, யார் கையில் இருக்கிறது, அந்தப் பிள்ளைக்கு என்ன பதில் போயிற்று என்பதெல்லாம் என் திரையில் தெரியாது.

சென்ற ஆண்டு ஒரு பெண் வந்தாள். எங்கள் ஊர்ப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைதான், பேச்சிலேயே தெரிந்தது. கடன் பணம் இன்னும் வரவில்லை, கட்டணம் பாக்கி இருப்பதால் தேர்வுச் சீட்டை அச்சடிக்க சிஸ்டம் விடவில்லை. தேர்வுக்கு ஒன்பது நாள் இருந்தது. பழைய முறையில் இது அரை மணி நேர வேலை. பி.டி.பி.டி.என். கடிதத்தை வாங்கிப் பார்த்து, நிதிப் பிரிவுக்கு ஒரு மெமோ எழுதி, மாடிப்படி ஏறிப் போய்க் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிடலாம். இப்போது பதிவு செய்து மேலே அனுப்பினேன். மூன்று நாள் கழித்து மறுபடி வந்தாள். பழைய டிக்கெட் மூடப்பட்டிருந்ததால் புது டிக்கெட் போட்டேன். மூன்றாவது தடவை வந்தபோது கைப்பேசியை நீட்டி, "அக்கா, என் டிக்கெட்டை மூடிட்டாங்கன்னு வருது. யாருக்கா மூடினது?" என்று கேட்டாள்.

மூடியது நான்தான். மேலே அனுப்புவதுதான் மூடுவது. அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வரிசை எண் காட்டும் விளக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுத்த பருவத்துப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. கட்டணம்தான் காரணமா, வேறு ஏதாவதா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் எனக்கு வழி இல்லை. அந்த மாதம் என் கே.பி.ஐ., அதாவது வேலைத்திறன் மதிப்பெண், 97 விழுக்காடு. பாராட்டி மின்னஞ்சல் அனுப்பினீர்கள்.

என்னை வதைப்பது இதுதான். வேலை அதிகம் என்று முறையிட வரவில்லை. என் கையை விட்டு எல்லாம் நழுவிப்போகிறது. அதற்கு நான்தான் பொறுப்பு என்றும் தோன்றுகிறது.

என் அம்மா பால்மரம் வெட்டியவர், ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்கிற தொழிலாளி. காலை ஐந்தரை மணிக்குப் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு), இருட்டோடு தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போவார். அவருக்கென்று ஒரு நிரை, முந்நூற்றுச் சொச்சம் மரங்கள். பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், மேலோட்டமாகப் போனால் பால் இறங்காது. எந்த மரம் நன்றாகக் கொடுக்கும், எது வற்றிப்போய்க் கிடக்கிறது, எதற்கு இன்று கையை லேசாக வைக்க வேண்டும் என்பது அவர் கைக்குத் தெரியும். வெட்டியதும் அவர், பால் வடிகிற மங்கைத் திருப்பி வைத்ததும் அவர், வாளியில் பால் எடுத்துத் தூக்கி வந்ததும் அவர். பகல் ஆவதற்குள் ஸ்டோரில் எடை போட்டுவிடுவார்கள். கிராணி என்கிற கணக்கர் எடையைச் சத்தமாகச் சொல்லிப் புத்தகத்தில் எழுதுவார். குறைத்து எழுதினால் அம்மா அங்கேயே சண்டை போடுவார். தான் எவ்வளவு எடுத்தோம் என்று அவருக்குத் தெரிந்திருந்ததால்தான் சண்டை போட முடிந்தது.

அந்த வேலையை நல்ல வேலை என்று சொல்ல மாட்டேன். கொசுக்கடி, பாம்பு, மழை பெய்தால் கூலி இல்லை, கங்காணியின் வாய் வேறு. அதிலிருந்து என்னை வெளியே தள்ளுவதற்காகத்தான் அம்மா பட்டினி கிடந்து படிக்க வைத்தார். "நிழல்ல உட்கார்ந்து செய்யிற வேலை கிடைச்சாப் போதும்" என்பார். கிடைத்தது. இன்றைக்கும் அம்மாவிடம் என் வேலையைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு என்ன கஷ்டம் என்றுதான் ஊரில் எல்லாரும் கேட்பார்கள். நிர்வாகத்திலும் சிலர் அப்படிக் கேட்டதுண்டு. ஆனாலும் அம்மாவிடம் இருந்த இரண்டு என்னிடம் இல்லை. நிரை முழுக்க அவருடையது. அன்றைய உழைப்பு என்ன ஆயிற்று என்பது அன்றைக்கே அவருக்குத் தெரிந்துவிடும்.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. ரிச்சர்ட் ஹேக்மன், கிரெக் ஓல்டம் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1970களிலேயே எழுதியிருக்கிறார்கள். ஒரு வேலை மனிதனுக்கு நிறைவு தர வேண்டுமானால் அதில் ஐந்து தன்மைகள் இருக்க வேண்டும் என்றார்கள்: பலவகைத் திறமைக்கு இடம், ஒரு வேலையை முழுதாகச் செய்து முடிக்கும் வாய்ப்பு, அது யாருக்காவது பயன்படுகிறது என்ற உணர்வு, எப்படிச் செய்வது என்று தானே தீர்மானிக்கும் உரிமை, செய்தது எப்படி இருந்தது என்று வேலையிலிருந்தே கிடைக்கும் பதில். இந்த ஐந்தையும் வைத்து என் கவுண்டரைப் பாருங்கள். பயன் ஒன்றுதான் மிச்சம் இருக்கிறது. பிள்ளைகளுக்கு இது முக்கியம் என்று எங்களுக்கு நன்றாகத் தெரியும். மற்ற நான்கையும் எடுத்துவிட்டு அதை மட்டும் விட்டுவைத்தால் அதுவே வலியாகிவிடுகிறது. முக்கியமான வேலை என்று தெரிந்தும் அரைகுறையாகச் செய்ய வேண்டியிருக்கிறது.

ராபர்ட் கராசெக் 1979-இல் எழுதியதும் எங்களுக்கு அப்படியே பொருந்துகிறது. வேலையின் நெருக்கடி மட்டும் ஆளைச் சாய்ப்பதில்லை, நெருக்கடி அதிகமாகவும் அதன் மேல் நமக்குள்ள பிடி குறைவாகவும் இருக்கும்போதுதான் உடலும் மனமும் கெடுகின்றன என்பது அவர் வாதம். நெருக்கடி அதிகமாக இருந்தாலும் பிடியும் இருந்தால் ஆள் கற்றுக்கொள்கிறார், வளர்கிறார். அமெரிக்க, சுவீடன் தொழிலாளர்களின் தரவுகளை வைத்து அவர் இதைச் சொன்னார். எங்கள் பழைய சேர்க்கை மாதங்களுக்கும் இன்றைய ஆறு நிமிட டிக்கெட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியாது.

ஏசி அறைக்காரர்களுக்கு என்ன வரப்போகிறது என்பவர்களுக்கு லண்டன் அரசாங்க ஊழியர்களைக் காட்ட விரும்புகிறேன். மைக்கேல் மார்மட் தலைமையில் 1985-இல் தொடங்கிய இரண்டாம் வைட்ஹால் ஆய்வில் 10,308 பேர் சேர்க்கப்பட்டார்கள். எல்லாரும் அலுவலக ஊழியர்கள். யாரும் சுரங்கத்தில் இறங்கவில்லை, யாரும் பட்டினி இல்லை. அப்படியிருந்தும் பதவி இறங்க இறங்க இதய நோய் கூடியது. புகைப்பழக்கம், இரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்த பிறகும் வித்தியாசம் மிஞ்சியது. அதில் ஒரு பெரிய பங்கு, தன் வேலையில் தனக்கு எவ்வளவு பிடி இருக்கிறது என்பதைச் சார்ந்திருந்தது. பெரிய பொறுப்பில் இருப்பவருக்குத்தான் நெஞ்சுவலி வரும் என்று நாம் நினைத்திருந்தோம். அவருடைய உத்தரவுக்குக் காத்திருக்கும் குமாஸ்தாவுக்கே அதிகம் வந்தது.

எனக்கு 46 வயது. இரண்டு வருடமாக இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். அதற்கு வேலைதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், எங்கள் குடும்பத்தில் அது உண்டு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனாலே வயிற்றைப் பிசைவது 2021-க்கு முன்பு கிடையாது. என் மகன் பள்ளிக் கட்டணத் தாளைக் கொண்டுவந்து நீட்டியபோது, "வகை என்ன, முதல்ல அதைச் சொல்லு" என்று கத்திவிட்டேன். அவன் பயந்துபோய் நின்ற முகம் இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் 'பர்ன் அவுட்' என்பதைத் தன் நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பில் சேர்த்தபோது, அதை நோய் என்று சொல்லவில்லை, தொழில் சார்ந்த ஒரு நிலை என்றுதான் சொன்னது. சரியாகக் கையாளப்படாத நாள்பட்ட வேலையிட அழுத்தத்தின் விளைவு என்று வரையறுத்தது. சக்தி எல்லாம் வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிப்போவது அல்லது வெறுத்துப்போவது, நம்மால் எதுவும் ஆகாது என்று தோன்றுவது, இந்த மூன்றும் அதன் அடையாளம். இரண்டாவது அடையாளம்தான் எனக்குப் பயத்தைத் தருகிறது. கவுண்டரில் ஒரு பிள்ளை அழும்போது அழுகை எனக்குக் கேட்கிறது. ஆனால் என் கண் கடிகாரத்துக்குப் போகிறது. இப்படிப்பட்ட ஆள் இல்லை நான்.

விரிவுரையாளர்களைப் பற்றி அவர்களே எழுத வேண்டும், நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். அவர்களுடைய சிக்கல் வேறு. எங்கள் வேலையைத் துண்டு துண்டாக்கினீர்கள், அவர்கள் தலையில் எல்லாத் துண்டுகளையும் ஒன்றாகக் கட்டி வைத்துவிட்டீர்கள். பாடம் நடத்த வேண்டும், கட்டுரை வெளியிட வேண்டும், எம்.கியூ.ஏ. என்ற கல்வித் தகுதி அமைப்பின் அங்கீகாரத்துக்குக் கோப்பு கோப்பாக ஆவணம் தயாரிக்க வேண்டும், சனிக்கிழமை பேரங்காடியில் மேசை போட்டுப் புது மாணவர் பிடிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கே.பி.ஐ., ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு தலைவர். இவ்வளவும் செய்கிறவருக்கு ஒரு வருட ஒப்பந்தம். ஜெர்மனியில் பணியாற்றிய யோஹானஸ் ஸீக்ரிஸ்ட் என்ற அறிஞர் 1996-இல் சொன்னது இங்கே பொருந்தும்: போடுகிற உழைப்புக்கும் கிடைக்கிற பலனுக்கும் தராசு சாயும்போது உடல்நலம் கெடுகிறது. பலன் என்று அவர் சொன்னதில் சம்பளம் மட்டும் இல்லை, மரியாதையும் வேலை நிலைக்கும் என்ற உறுதியும் சேர்த்திதான். நவம்பர் மாதம் ஆனால் எங்கள் கட்டட நடைபாதையே அமைதியாகிவிடும். யாருக்கு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிற கடிதம் வரும், யாருக்கு வராது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள்.

அப்புறம், வேனில் என்னோடு வருகிறவர்கள். இவர்கள் உங்கள் ஊழியர் பட்டியலிலேயே இல்லை. துப்புரவு வேலை குத்தகைக்குப் போய்ப் பல வருடம் ஆகிறது. குத்தகை கைமாறும்போதெல்லாம் இவர்கள் புது ஆள் கணக்கில் முதலிலிருந்து தொடங்குகிறார்கள். ஆனால் கட்டடத்தை இவர்களைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் கிடையாது.

அதில் ஒரு அக்கா ஒன்பது வருடம் நூலகத்தின் மூன்றாம் மாடியைப் பார்த்துக்கொண்டார். எந்தக் கழிவறையில் எந்தப் பிள்ளை போய் உட்கார்ந்து அழும் என்று அவருக்குத் தெரியும். பையில் பனடோலும் மைலோ பொட்டலமும் வைத்திருப்பார். விடுதிக் கட்டணம் கட்ட முடியாமல் படிக்கட்டுக்கு அடியில் படுத்துக் கிடந்த ஒரு பையனை முதலில் பார்த்து என்னிடம் வந்து சொன்னவர் அவர்தான், அது பழைய முறை இருந்த காலம், அன்றைக்கே ஏதோ செய்ய முடிந்தது. அமெரிக்காவில் ஏமி ரெஸ்னெவ்ஸ்கியும் ஜேன் டட்டனும் 2001-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களைப் பற்றி வருகிறது. சிலர் தங்கள் வேலையைச் சுத்தம் செய்வதோடு நிறுத்திக்கொள்ளாமல், நோயாளி குணமாவதில் தங்களுக்கும் பங்கு இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, அந்த வேலையைத் தாங்களே பெரிதாக்கிக்கொண்டார்கள். எங்கள் அக்காவை இவர்கள் பார்த்திருக்க வேண்டும்.

புதிய குத்தகைக்காரர் வந்த பிறகு வாரத்துக்கு ஒரு மாடி என்று சுழற்சி வைத்தார்கள். ஆள் ஒரே இடத்தில் இருந்தால் வேலை மந்தமாகும் என்பது அவர்கள் நினைப்பு. கழிவறைக் கதவுக்குப் பின்னால் ஒரு தாள் தொங்குகிறது, மணிக்கு ஒரு கையெழுத்து. இப்போது அக்காவுக்கு எந்தப் பிள்ளையையும் தெரியாது. சம்பளம் குறையவில்லை, வேலை நேரமும் கூடவில்லை. ஆனால் வேனில் பேசிக்கொண்டே வருகிறவர் ஜன்னலில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்கிறார்.

சுங்கை சிப்புட்டில் துண்டாடல் என்ற சொல்லுக்கு ஒரு கனம் உண்டு. 1950களிலும் 60களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேலையும் வீடும் இழந்து நின்றன. என் தாத்தாவும் அப்படித்தான் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மூட்டை கட்டினார். இந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டியவர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. தொழிலாளிக்குத் தன் உழைப்பில் ஒரு பிடி வேண்டும் என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இல்லை. நான் பல்கலைக்கழகத்தை வாங்கித் தரச் சொல்லவில்லை. என் நிரையைத் திருப்பிக் கொடுங்கள் என்கிறேன்.

சட்டமும் நம் பக்கம்தான் இருக்கிறது. 1994ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு சுகாதாரச் சட்டம், அதாவது சட்டம் 514, தன் நோக்கங்களைச் சொல்லும் 4ஆம் பிரிவிலேயே, வேலையிடம் தொழிலாளியின் உடல் தேவைக்கும் மனத் தேவைக்கும் ஏற்றதாக அமைய வேண்டும் என்கிறது. தொழிலாளி வேலையிடத்துக்கு ஏற்றாற்போல் மாற வேண்டும் என்று அதில் இல்லை. திருத்தப்பட்ட இந்தச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நம் வளாகத்தில் பாதுகாப்புக் குழு இருக்கிறது, நல்ல குழு. ஈரத்தரையைப் பார்க்கிறது, தீயணைப்புக் கருவியின் தேதியைப் பார்க்கிறது. ஆறு நிமிடக் கடிகாரத்தையும் அது பார்க்க வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட வேலையிட மனநல வழிகாட்டியில் மூச்சுப் பயிற்சி மாதிரியானவையும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வேலையின் அமைப்பை மாற்றுவதும், அதை ஊழியரோடு கலந்து செய்வதும் அதே வழிகாட்டியில் இருக்கிறது. நாம் எடுத்துக்கொண்டது பாதியைத்தான்.

என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன், வெறும் புலம்பலாகப் போகக்கூடாது.

முதலில் ஒரே ஒரு துறையில், ஒரே ஒரு பருவம், கோப்பை மறுபடி ஆளிடம் கொடுத்துப் பாருங்கள். பழையபடி ஒருவரிடம் வேண்டாம், இரண்டு பேரிடம் சேர்த்துக் கொடுங்கள். ஒருவர் எம்.சி. எடுத்தால் மற்றவர் பார்ப்பார். 2021-இல் நீங்கள் சொன்ன குறை அதிலேயே தீர்ந்துவிடும். சிஸ்டத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை, அது நல்ல சிஸ்டம், எதுவும் தொலைவதில்லை. ஆனால் எந்தப் பிள்ளையின் டிக்கெட் எங்கே இருக்கிறது என்று முதல் அடுக்கில் இருப்பவருக்கும் தெரியட்டும். 'முடிந்தது' என்பதை, பிரச்சினை தீர்ந்தது என்று அந்தப் பிள்ளை சொன்ன பிறகுதான் போட வேண்டும். என் 97 விழுக்காடு ஒருவேளை 60-க்கு இறங்கும். பரவாயில்லை, அந்த 60 உண்மையாக இருக்கும்.

அடுத்தது, சின்ன முடிவுகளை எங்களிடம் விடுங்கள். கடன் வரும் என்பதற்குப் பி.டி.பி.டி.என். கடிதம் கையில் இருந்தால், தேர்வுச் சீட்டின் தடையை 14 நாளுக்கு நீக்க முதல் அடுக்குக்கே அதிகாரம் கொடுங்கள். தவறு செய்தால் கேளுங்கள், பதில் சொல்கிறோம். 19 வருடம் இந்தப் பணத்தையும் காகிதத்தையும் பார்த்தவர்களிடம் 14 நாள் நம்பிக்கை வைக்கலாம். அந்தப் பெண் வந்த அன்று எனக்கு இந்த ஓர் அதிகாரம் இருந்திருந்தால் போதும்.

இரவு ஒன்பது மணிக்கு மேல் பிரிவு வாட்ஸ்அப்பில் வேலை அனுப்புவதை நிறுத்துங்கள். 2023 முதல் வார வேலை நேரம் 45 மணி என்று வேலைச் சட்டம் சொல்கிறது. வீட்டில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பது அந்தக் கணக்கில் எங்கேயும் வருவதில்லை. அதே சட்டத்தில் வேலை நேரத்தையும் இடத்தையும் மாற்றிக் கேட்கும் உரிமை இருக்கிறது. விண்ணப்பித்தால் 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். எங்கள் பிரிவில் இரண்டு பேர் கேட்டார்கள், வாய்மொழியாக "பார்க்கலாம்" என்று வந்ததோடு சரி.

விரிவுரையாளர்களை மாணவர் பிடிக்கிற வேலையிலிருந்து விடுவியுங்கள். குத்தகையில் ஒரே ஒரு வரி சேருங்கள்: விருப்பப்பட்டால் ஒருவர் ஒரே மாடியில் தொடரலாம். அதற்கு ஒரு காசு செலவு இல்லை.

இதையெல்லாம் தீர்மானிக்கும் மேசையில் கவுண்டரிலிருந்து ஒருவரையும், வேனிலிருந்து ஒருவரையும் உட்கார வையுங்கள். 2021-இல் அடுக்குகளை வரைந்தவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் வரைந்தார்கள் என்று நம்புகிறேன். ஆனால் அவர்களில் யாரும் ஒரு நாள்கூடக் கவுண்டரில் உட்கார்ந்தது இல்லை. பால் மரத்தைத் தொட்டுப் பார்க்காதவர் நிரை பிரித்தது போல ஆகிவிட்டது.

செப்டம்பரில் புதுச் சேர்க்கை தொடங்குகிறது. அதற்கு முன்னால் துணைவேந்தர் ஒரு பிற்பகல் கவுண்டருக்குப் பின்னால் என் பக்கத்தில் வந்து உட்கார வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முன்னறிவிப்பு வேண்டாம், வாசலில் பதாகையும் வேண்டாம். திங்கட்கிழமை இரண்டு மணிக்கு வாருங்கள், அப்போதுதான் கூட்டம் அதிகம். நாற்காலி ஒன்று நான் எடுத்துப் போட்டு வைக்கிறேன்.

இப்படிக்கு,
மாணவர் சேவைப் பிரிவு, முதல் அடுக்கு ஊழியர்
சுங்கை சிப்புட், பேராக்